பல அடுக்கு விற்பனை: பெரும்பாலோர் தோற்பது ஏன்?

புதுதில்லி: தில்லியை அடுத்த நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய "இ-பிஸ்" நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரையும் அவருடைய மகனையும் 2019 ஆகஸ்டில் சைபராபாத் காவல் துறையினர் கைது செய்தனர். கணினிவழிப் பாடத் தொகுப்பை விற்பதாகக் கூறி உறுப்பினர் கட்டணம் பெற்றதாகவும், புதியவர்களைச் சேர்த்தால் கமிஷன் என்று ஆசை காட்டியதாகவும், இவ்வாறு ஏறத்தாழ 17 லட்சம் பேரிடம் 5,000 கோடி ரூபாய் திரட்டியதாகவும் காவல் துறை குற்றம் சாட்டியது. சேர்ந்தவர்களில் மாணவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் மிகுதி.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017 பிப்ரவரியில், இதே நொய்டாவில் இயங்கிய "சோஷியல் டிரேட்" திட்டத்தை உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை முடக்கியது. முன்பணம் கட்டிய பின் இணையப் பக்கங்களைச் சொடுக்கினால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 5 ரூபாய் என்பது அத்திட்டம். அதில் திரட்டப்பட்ட தொகை 3,700 கோடி ரூபாய் என்றனர் அதிகாரிகள். தங்க நாணய விற்பனை தொடர்பாக 2003-ல் சென்னையில் பதிவான "கோல்டு குவெஸ்ட்" வழக்கைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாணயம், பாடத் தொகுப்பு, சொடுக்கு என விற்கப்படும் பொருள் மாறிக்கொண்டே வருகிறது. முதலில் சேர்ந்தவர் அடுத்தவரைச் சேர்ப்பதும், அவர் மேலும் சிலரைச் சேர்ப்பதும், கீழே உள்ளோரின் பணத்தில் மேலே உள்ளோருக்குப் பங்கு கிடைப்பதும் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறை சரிவு ஏற்படும்போதும் இத்துறையினர் சொல்லும் விளக்கமும் மாறவில்லை: "உழைத்தவர்கள் வென்றார்கள், உழைக்காதவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள்."

இந்த விளக்கம் உண்மைதானா? லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாக இருந்திருக்க முடியுமா? இத்துறையின் அமைப்பையும் புள்ளிவிவரங்களையும் சட்ட வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், பெரும்பாலோருக்கு இடமே இல்லாத வகையில்தான் இந்த ஏணி கட்டப்பட்டிருக்கிறது.

மாறாத விகிதம்: நெட்வொர்க் மார்க்கெட்டிங் கூட்டங்களில் கரும்பலகையில் வரையப்படும் படம் பலருக்கும் நினைவிருக்கும். நீங்கள் ஆறு பேரைச் சேர்க்கிறீர்கள். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36 பேர். அடுத்த அடுக்கில் 216 பேர். அதற்கும் அடுத்து 1,296 பேர். அத்தனை பேரின் கொள்முதலிலும் உங்களுக்கு ஒரு பங்கு. படத்தின் உச்சியில் இருப்பவருக்கு இக்கணக்கு இனிக்கிறது.

அதே படத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும். உச்சியில் இருப்பவரையும் சேர்த்து மொத்தம் 1,555 பேர். இவர்களில் 1,296 பேருக்குக் கீழே எவருமே இல்லை. அதாவது நூற்றுக்கு 83 பேர் கடைசிப் படியில் நிற்கின்றனர். அதற்கு மேலே உள்ள 216 பேருக்கு ஆளுக்கு ஆறு பேர் மட்டுமே. இரண்டு அடுக்குகளோ அதற்கு மேலோ தமக்குக் கீழே கொண்டவர்கள் 1,555 பேரில் 43 பேர்தான். நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

இந்த 1,296 பேரும் இரவு பகலாக உழைத்து ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் நிலைமை மாறிவிடாதா? மாறும், ஆனால் அவர்களுக்குக் கீழே புதிதாக 7,776 பேர் வந்து நிற்பார்கள். மொத்தத்தில் கடைசிப் படியில் இருப்போரின் விகிதம் அப்போதும் அதே 83 விழுக்காடுதான். இரண்டு பேரை மட்டும் சேர்க்கச் சொல்லும் "வலம், இடம்" திட்டத்திலும் பாதிப் பேருக்குக் கீழே எவரும் இரார். ஆட்கள் மாறலாம், விகிதம் மாறாது.

சேர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஆறு ஆறாகப் பெருகும் இந்தக் கணக்கில் 11-ஆம் அடுக்கில் மட்டும் 36 கோடிப் பேர் தேவை. 12-ஆம் அடுக்குக்கு 217 கோடிப் பேர் வேண்டும். இந்தியாவின் மக்கள்தொகையோ 140 கோடியைச் சற்றே தாண்டியது. பச்சிளங்குழந்தையையும் சேர்த்தாலும் அந்த அடுக்கு நிரம்பாது. நடைமுறையில் ஓர் ஊரில், ஓர் அலுவலகத்தில், ஓர் உறவுவட்டத்தில் மூன்று நான்கு அடுக்குகளுக்குள்ளேயே ஆள் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பின் வருபவர், ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களிடமோ மறுத்துவிட்டவர்களிடமோதான் போய் நிற்க வேண்டும்.

இது நீதிமன்றங்கள் அறியாத உண்மையன்று. 625 ரூபாய் செலுத்தியவருக்கு 1,250 ரூபாய் தருவதாகக் கூறிய கேரளத் திட்டம் ஒன்று 2008-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பின்னர் சேர்வோரின் பணத்தைக் கொண்டே முன்னர் சேர்ந்தோருக்குத் தர முடியும் என்பதால், கணக்கின்படி அத்திட்டம் நிறைவேறவே இயலாதது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. அதை நடத்தியவர்கள் மீதான குற்ற வழக்கு தொடரவும் வழி விட்டது.

துறையின் சொந்தக் கணக்கு: "இவையெல்லாம் மோசடித் திட்டங்கள், சோப்பும் சத்துமாவும் அழகுப் பொருள்களும் விற்கும் முறையான நேரடி விற்பனை நிறுவனங்கள் வேறு" என்பது இத்துறையின் வாதம். இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. உண்மையான பொருளை உண்மையான வாடிக்கையாளருக்கு விற்று வருவாய் ஈட்டுவதில் சட்டத்துக்கோ நியாயத்துக்கோ முரணானது எதுவுமில்லை. வீடு வீடாகச் சென்று விற்றுப் பிழைப்போர் இந்நாட்டில் என்றும் உண்டு. எனவே முறையான துறையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

இந்திய நேரடி விற்பனைச் சங்கம் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் இத்துறையின் மொத்த விற்பனை 21,282 கோடி ரூபாய். செயல்பாட்டில் இருந்த விற்பனையாளர்கள் 86 லட்சம் பேர். பெரிய எண்கள்தான். ஆனால் முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்த்தால், ஒரு விற்பனையாளரின் பங்குக்கு வருவது ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவான விற்பனை. மாதத்துக்கு ஏறத்தாழ 2,060 ரூபாய். இது விற்பனைத் தொகை, வருமானம் அன்று. இதில் தாராளமாக மூன்றில் ஒரு பங்கு விற்பனையாளருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாக மாதம் 700 ரூபாய்க்கும் குறைவு.

இந்த 700 ரூபாயும் அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டால் மட்டுமே கிடைக்கும் தொகை. அடுக்குமுறையின் இயல்பே மேலே உள்ளோருக்கு அதிகம் போய்ச் சேர்வதுதான். உச்சியில் ஒருவர் மாதம் 1 லட்சம் ரூபாய் பெறுகிறார் என்றால், அந்த ஒருவருக்காக ஏறத்தாழ 140 பேரின் சராசரிப் பங்கு முழுவதும் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம், தொலைபேசிச் செலவு, பயிற்சிக் கூட்டங்களின் நுழைவுச் சீட்டு, மாதந்தோறும் தகுதியைத் தக்கவைக்கத் தாமே வாங்கும் சரக்கு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பலர் வருமானத்துக்காகச் சேர்வதில்லை, தள்ளுபடி விலையில் பொருள் வாங்கவே சேர்கின்றனர் என்றும் இத்துறையினர் கூறுவதுண்டு. அது உண்மையானால், அவர்களை "தொழில்முனைவோர்" என்று அரசிடம் கணக்குக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால், வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளர் எங்கே? இக்கேள்விகளுக்கு இதுவரை நேரான விடை இல்லை.

இம்முறை தோன்றி வளர்ந்த அமெரிக்காவிலும் இதே நிலைதான். அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டனர். பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவாகவே பெற்றனர். செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய தொகை இது. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை என்கிறது அவ்வறிக்கை. அங்கு 2018-ல் வெளியான மற்றோர் ஆய்வில், பங்கேற்றோரில் 47 விழுக்காட்டினர் கைப்பணத்தை இழந்திருந்தனர். 27 விழுக்காட்டினருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

விலையில் ஒளிந்திருக்கும் தடை: பல அடுக்குகளுக்குக் கமிஷன் தர வேண்டுமென்றால் அத்தொகை பொருளின் விலையிலிருந்துதான் வர வேண்டும். ஆம்வே இந்தியா நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை முடக்கியபோது வெளியிட்ட விவரங்கள் இதற்குச் சான்று. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அந்நிறுவனத்தின் நிலமும் தொழிற்சாலைக் கட்டடமும் முடக்கப்பட்டவற்றில் அடங்கும். 2002-03 முதல் 2021-22 வரை அந்நிறுவனம் திரட்டிய தொகை 27,562 கோடி ரூபாய் என்றும், அதில் 7,588 கோடி ரூபாய் கமிஷனாக வழங்கப்பட்டது என்றும் அமலாக்கத் துறை கூறியது. அதாவது வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 27 ரூபாய் அடுக்குகளுக்குப் போயிருக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஒத்த பொருள்களைவிட விலை மிக அதிகம் என்பதும் அத்துறையின் குற்றச்சாட்டு. இது 2011-ல் தொடங்கிய விசாரணையின் தொடர்ச்சி என்றும், விசாரணைக்குத் தாங்கள் ஒத்துழைத்து வருவதாகவும் நிறுவனம் அப்போது விளக்கம் அளித்தது.

குற்றச்சாட்டின் முடிவு எதுவானாலும், கடைநிலை விற்பனையாளரின் சிக்கல் தெளிவு. தெருமுனைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பற்பசைக்கு மாற்றாக, கூடுதல் விலைப் பற்பசையை அவர் அறிமுகமற்றவரிடம் விற்க வேண்டும். அது கடினம். எனவே, பொருளை விற்பதைக் காட்டிலும் "வாய்ப்பை" விற்பது அவருக்கு எளிதாகிவிடுகிறது.

இணைய வணிகம் வந்தபின் இந்நெருக்கடி முற்றியது. நேரடி விற்பனை நிறுவனங்களின் பொருள்கள் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் முகவர் விலையைவிடக் குறைவாகவே விற்கப்பட்டன. இதைத் தடுக்கக் கோரி ஆம்வே உள்ளிட்ட நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. 2019 ஜூலையில் தனி நீதிபதி அளித்த தடையை 2020 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. நிறுவனங்களே புகார் கூறும் அளவுக்கு மலிவாகச் சரக்கு சந்தைக்கு வருகிறதென்றால், கையிருப்பை எப்படியாவது தள்ளிவிட வேண்டிய நிலையில் பலர் இருந்தனர் என்று கருத இடமுண்டு.

உறவே முதலீடு: பெட்டிக்கடை தொடங்குபவர் தோற்றால் அவர் இழப்பது முதலீட்டை. பல அடுக்கு விற்பனையில் தோற்பவர் இழப்பது அதைவிடப் பெரிது. அவருக்கு முதலில் எழுதச் சொல்லித் தரப்படுவது அறிந்தவர்களின் பெயர்ப் பட்டியல்தான். அத்தை, மாமா, பள்ளித் தோழர், உடன் பணிபுரிவோர், பக்கத்து வீட்டார் என அப்பட்டியல் நீள்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை, சில மாதங்களில் பணமாக மாற்றப்படுகிறது. நிறுவனத்துக்கு இதில் விளம்பரச் செலவு இல்லை. அச்செலவைத் தன் உறவுகளைக் கொண்டு செலுத்துபவர் புதிய உறுப்பினரே.

நிரந்தர வேலை அரிதாகிவரும் சிறு நகரங்களில், பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர், வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க விரும்பும் பெண்கள், ஓய்வூதியம் போதாத முதியோர் ஆகியோரையே இவ்வலை அதிகம் இழுக்கிறது. வேறு வாய்ப்பு இருப்பவர் இக்கூட்டங்களுக்குச் செல்வது குறைவு. ஆக, இழக்க ஏதுமில்லாதவர்களிடமிருந்தே இழப்பு திரட்டப்படுகிறது.

தோற்றவர்கள் பேசாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். தாம் உழைக்கவில்லை, தமக்கு நம்பிக்கை போதவில்லை என்றே அவர்கள் எண்ணிக்கொள்ளும்படி பயிற்சிக் கூட்டங்கள் அவர்களைப் பழக்கியுள்ளன. புகார் கொடுத்தால் தம்மைச் சேர்த்த அண்ணன் மீதும், தாம் சேர்த்த தங்கை சார்பிலும் பேச வேண்டியிருக்கும். வென்ற சிலரின் குரல் மட்டும் மேடையில் ஒலிக்க, தோற்ற பலரின் மௌனம் அடுத்தவரை உள்ளே இழுக்கிறது.

சட்டத்தின் தடுமாற்றம்: இத்தகைய திட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் 1978-லேயே பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தை இயற்றியது. எளிதில் பணம் ஈட்டலாம் என்ற உறுதிமொழியும், உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்த வருவாயும் சேர்ந்தால் அது பணச் சுழற்சித் திட்டம். இச்சட்டத்தின் அடிப்படையில் ஆம்வே மீது நடவடிக்கை எடுத்த அன்றைய ஆந்திரப் பிரதேச காவல் துறைக்கு ஆதரவாக, 2007 ஜூலையில் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மே மாதம் கேரளக் காவல் துறை அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகியைக் கைது செய்தபோதோ, அன்றைய மத்திய கம்பெனி விவகாரத் துறை இணையமைச்சர் சச்சின் பைலட் வெளிப்படையாக ஏமாற்றம் தெரிவித்தார். மாநிலம் குற்றமெனக் கண்டதை மத்திய அரசு முதலீட்டுச் சூழலுக்கு ஊறு எனக் கண்டது.

பின்னர் 2016 செப்டம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நேரடி விற்பனைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆள் சேர்ப்பதற்காக மட்டும் ஊக்கத்தொகை கூடாது, விலகிக்கொள்ள அவகாசம் தர வேண்டும், விற்காத சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றெல்லாம் அதில் கூறப்பட்டது. ஆனால் அவை அறிவுரைகளே, சட்டம் அல்ல என்று 2020-ல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு சுட்டிக்காட்டியது. அதன்பின்னரே, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2021 டிசம்பர் 28-ல் நேரடி விற்பனை விதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் அவை தடை செய்கின்றன. கண்காணிப்புக்கு மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன.

எனினும் இரண்டு குறைகள் நீடிக்கின்றன. முதலாவது, 1978 சட்டம் திட்டத்தை நடத்துபவரோடு அதில் சேர்பவரையும் பங்கேற்பவரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பணத்தை இழந்து காவல் நிலையத்துக்குச் செல்லும் கடைநிலை உறுப்பினர், தாமும் இரண்டு பேரைச் சேர்த்திருந்தால், தம் மீதே வழக்கு வரக்கூடும் என்று அஞ்சித் திரும்பிவிடுகிறார். இரண்டாவது, புகார்தாரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. கோல்டு குவெஸ்ட் மீதான வழக்கும் புகார்தாரர்களுடன் சமரசம் ஏற்பட்டதை அடுத்து 2014-ல் உச்ச நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. புகார் தராதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

செய்யக்கூடியது என்ன?: தடையா, அனுமதியா என்ற விவாதத்திலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அதைவிட எளிய, பயன்தரும் வழிகள் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் உறுப்பினர்களில் எத்தனை பேர் ஆண்டுக்கு எவ்வளவு பெற்றனர், எத்தனை பேர் ஒன்றும் பெறவில்லை, எத்தனை பேர் ஓராண்டுக்குள் விலகினர் என்பதை வெளியிட வேண்டும் எனச் சட்டமே கட்டாயப்படுத்தலாம். சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில், அவரவர் தாய்மொழியில் அது அச்சாக வேண்டும். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடச் சொல்லும் அரசுக்கு இது இயலாததன்று.

அடுத்து, கமிஷனுக்கும் உண்மையான சில்லறை விற்பனைக்கும் முடிச்சுப் போட வேண்டும். அமெரிக்காவில் 2016-ல் ஹெர்பலைஃப் நிறுவனத்துடன் அந்நாட்டு ஆணையம் செய்துகொண்ட உடன்பாட்டில், நிறுவனம் 20 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அத்துடன், வழங்கப்படும் ஊக்கத்தொகையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. இங்கும் அத்தகைய அளவுகோல் வந்தால், எது வணிகம், எது ஆள்சேர்ப்பு என்பதைக் காவல் நிலையத்தில் முடிவு செய்ய வேண்டிய தேவை குறையும். ஏமாந்து சேர்ந்த கடைநிலை உறுப்பினர் அச்சமின்றிப் புகார் தர 1978 சட்டத்தில் விலக்கு அளிப்பதும் அவசியம்.

இவை வரும்வரை குடும்பங்கள் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. "இனி ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை என்றால், இப்பொருளை வெளியாருக்கு விற்று மட்டும் எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" இதற்கு அழைப்பவரிடம் எண்ணால் விடை இருந்தால் அது வணிகம். எண்ணுக்குப் பதில் மகிழுந்தின் படமும் வெளிநாட்டுப் பயணத்தின் கதையும் வந்தால், நமக்கு ஒதுக்கப்பட்டிருப்பது எந்தப் படி என்பதைப் புரிந்துகொள்ளலாம்.